ஹீட் சிங்க் உண்மையில் எங்கே தொடுகிறது?

கல்லூரியில் படிக்கும்போது என் முதல் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்து தூசி துடைத்தேன். உற்சாகத்தில் பிராசஸர் மீதிருந்த ஹீட் சிங்கையும் கழற்றிவிட்டேன். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து பளபளவென்று துடைத்து, மறுபடியும் இறுக்கமாக மாட்டினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது. விண்டோஸ் வந்தது. ஐந்தே நிமிடத்தில் அணைந்து போனது. மீண்டும் ஆன் செய்தேன். இந்த முறை இரண்டு நிமிடம்தான் தாங்கியது.

ஃபேன் நன்றாகச் சுற்றியது. ஹீட் சிங்க் ஆடவில்லை. வழவழப்பான இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றை ஒன்று நன்றாகத் தொட்டுக் கொண்டிருந்தன. பிறகு ஏன் பிராசஸரின் சூடு ஹீட் சிங்குக்கு ஏறவில்லை?

"நன்றாகத் தொட்டுக் கொண்டிருந்தன" என்று நான் நினைத்ததுதான் தவறு. இரண்டு பொருட்கள் ஒன்றின் மேல் ஒன்று அமரும்போது உண்மையில் எவ்வளவு இடத்தில் தொடுகின்றன, அழுத்தினால் என்ன ஆகிறது என்பதை ஆராய ஒரு தனி இயலே இருக்கிறது. அதன் அடிப்படையைத் தெரிந்து கொண்டால் ஹீட் சிங்க், தெர்மல் பேஸ்ட், தெர்மல் பேட் ஆகியவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பது தானாகவே புரியும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

வழவழப்புக்குள் மலைகள்

மெஷினில் கடைந்த உலோகப் பரப்பைக் கையால் தடவினால் கண்ணாடி போல இருக்கும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது முழுவதும் மேடும் பள்ளமும்தான். சாதாரணமாகக் கடைந்த பரப்பில் இவற்றின் உயரம் சுமார் 1 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது போதாதென்று, பிராசஸர் மூடியும் ஹீட் சிங்கின் அடிப்பாகமும் சமதளமாக இல்லாமல் லேசாக வளைந்தும் இருக்கும்.

இப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை எதிரெதிரே வைத்தால் உயரமான உச்சிகள் மட்டும்தான் ஒன்றோடு ஒன்று முட்டும். மற்ற இடமெல்லாம் காற்று. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் பௌடனும் டேபரும் 1939-ல் இதைச் சோதனையில் காட்டினார்கள். தொட்டுக் கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களின் வழியே மின்சாரம் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை வைத்து உண்மையான தொடுபரப்பைக் கணக்கிட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறிய பங்காக இருந்தது. ஸ்விட்சர்லாந்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆஸ்திரியாவின் மேல் வைப்பது போன்றது இது என்று பௌடன் பின்னாளில் உவமை சொன்னார். இரண்டுமே மலை நாடுகள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் சோதனை

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் கையில் பிடியுங்கள். மேலிருந்து தண்ணீர் வழியாகச் சாய்வாக டம்ளரின் உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சுவர் வெள்ளி பூசியது போலப் பளபளக்கும். விரல் படும் இடத்தில் மட்டும் கைரேகையின் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கோடுகள்தான் உங்கள் தோல் கண்ணாடியைத் தொடும் இடங்கள். கோடுகளுக்கு நடுவே தோல் கண்ணாடியைத் தொடவில்லை. இப்போது விரலை அழுத்துங்கள். கோடுகள் தடிக்கும். புதிய இடங்களிலும் கோடுகள் தோன்றும். அழுத்தத்தை விட்டால் பழையபடி குறையும். அழுத்தினால் வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் இந்தக் குணத்தைத்தான் மீள்தன்மை என்கிறோம். அழுத்தும்போது இரண்டு விஷயங்கள் நடப்பதைக் கவனித்தீர்களா? ஏற்கெனவே தொட்ட இடங்கள் பெரிதாகின்றன. புதிய இடங்களும் சேர்ந்து கொள்கின்றன. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

கிகா ஹெர்ட்ஸில் இருக்கும் அதே ஹெர்ட்ஸ்

உங்கள் பிராசஸரின் வேகத்தை 3 கிகா ஹெர்ட்ஸ், 4 கிகா ஹெர்ட்ஸ் என்று சொல்கிறோம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர்தான் அது. ரேடியோ அலைகளைச் சோதனையில் நிரூபித்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு முன்பே, 1881-ல், இருபத்து மூன்று வயதில் அவர் வேறு ஒரு கணக்கைத் தீர்த்து பெர்லினில் சமர்ப்பித்தார். கண்ணாடி லென்ஸ்களை ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் தொடும் இடத்தில் எவ்வளவு நசுங்கும் என்பதே அந்தக் கணக்கு. வேகத்தின் அளவுக்குப் பெயர் கொடுத்தவரே, சூடு எப்படிக் கடக்கிறது என்று அறியத் தேவையான முதல் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறார்.

உருண்டையான ஒரு மேட்டைத் தட்டையான பரப்பால் அழுத்துவதாக வைத்துக் கொள்வோம். ஹெர்ட்ஸின் கணக்குப்படி, அது எவ்வளவு ஆழம் நசுங்குகிறதோ அதே விகிதத்தில் தொடுபரப்பு கூடும். ஆழம் 4 மடங்கானால் தொடுபரப்பும் 4 மடங்கு. ஆனால் அதற்குத் தேவையான சுமை 8 மடங்கு. அதாவது ஒரே ஒரு மேடு இருந்தால், 8 மடங்கு அழுத்தினாலும் தொடுபரப்பு 4 மடங்குதான் கிடைக்கும். அழுத்த அழுத்தப் பலன் குறைந்து கொண்டே போகும்.

உண்மையான பரப்பில் ஒரு மேடு அல்ல, லட்சக்கணக்கான மேடுகள். அப்போது என்ன ஆகும்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்து விடலாம்.

எக்செல்லில் அழுத்திப் பார்ப்போம்

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பரப்பில் மிக உயரமான மேடு 1 இருக்கிறது. அதைவிட ஒரு படி குறைவான மேடுகள் 2, இன்னும் ஒரு படி குறைவானவை 4, அடுத்து 8, 16, 32 என்று வைத்துக் கொள்வோம். எந்த ஊர்க் குன்றுகளையும் போல, உயரமானவை குறைவு, குட்டையானவை அதிகம். மேலிருந்து ஒரு தட்டையான பலகையைப் படிப்படியாக இறக்கப் போகிறோம்.

1. முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். ஏ காலத்தில் "மேடுகள்", பி காலத்தில் "நசுங்கும் ஆழம்", சி காலத்தில் "தொடுபரப்பு", டி காலத்தில் "சுமை".

2. ஏ2 முதல் ஏ7 வரை 1, 2, 4, 8, 16, 32 என்று டைப் செய்யுங்கள்.

3. சி2 செல்லைக் கிளிக் செய்து = குறி போடுங்கள். ஏ2 செல்லைக் கிளிக் செய்து * குறி போடுங்கள். பி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள்.

4. டி2 செல்லிலும் இதையே செய்யுங்கள். ஆனால் பி2 செல்லைக் கிளிக் செய்த பிறகு, என்டர் தட்டும் முன் ^1.5 என்று சேர்த்து டைப் செய்யுங்கள். ஹெர்ட்ஸ் சொன்ன "4 மடங்கு ஆழத்துக்கு 8 மடங்கு சுமை" என்பதைத்தான் இந்த 1.5 தருகிறது.

5. சி2, டி2 இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்து 7-ஆம் வரிசை வரை இழுங்கள்.

6. சி9 செல்லைக் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி, சி2 முதல் சி7 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். டி9 செல்லிலும் அதே போல டி காலத்தின் கூட்டுத்தொகையை வரவழையுங்கள்.

இப்போது பலகையை நான்கு படி இறக்குவோம். உயரமான மேடு 4 படி நசுங்கும், அடுத்தவை 3, 2, 1. பி2 முதல் பி5 வரை 4, 3, 2, 1 என்று கொடுங்கள். தொடுபரப்பு 26, சுமை 37.7 என்று வரும்.

இன்னும் ஒரு படி இறக்குங்கள். பி2 முதல் பி6 வரை 5, 4, 3, 2, 1. தொடுபரப்பு 57, சுமை 86.6. சுமை 2.3 மடங்கு ஆனபோது தொடுபரப்பும் ஏறக்குறைய 2.2 மடங்கு கூடியிருக்கிறது. ஒரே மேடாக இருந்திருந்தால் 1.74 மடங்குதான் கூடியிருக்கும்.

ஆறாவது படிக்குப் பி2 முதல் பி7 வரை 6, 5, 4, 3, 2, 1 கொடுங்கள். தொடுபரப்பு 120, சுமை 187.9. இப்போது சுமை 2.17 மடங்கு, தொடுபரப்பு 2.11 மடங்கு. வரிசைகளைக் கூட்டிக் கொண்டே போனால் இரண்டும் 2 மடங்கை நெருங்கிக் கொண்டே வரும்.

காரணம் எளிது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பழைய மேடுகள் நசுங்குவது மட்டுமல்ல, புதிய மேடுகளும் சுமையைத் தாங்க வந்து சேர்கின்றன. ஆகவே தொடுபரப்பு சுமையின் விகிதத்திலேயே வளர்கிறது. டம்ளரில் புதிய கோடுகள் தோன்றியது நினைவிருக்கிறதா? அதுதான் இது. 1966-ல் கிரீன்வுட், வில்லியம்ஸன் என்ற இருவர் மேடுகளின் உயரத்தைப் புள்ளியியல் முறையில் எடுத்துக் கொண்டு இந்த முடிவுக்கு வந்தார்கள். நீங்கள் இப்போது செய்தது அதன் எளிமையாக்கிய வடிவம்.

900-ல் வெறும் 0.2

உலோகங்களில் இன்னொன்றும் நடக்கிறது. உச்சிகள் மிகச் சிறியவை என்பதால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மிக அதிகம். அதனால் அவை வளைந்து திரும்புவதற்குப் பதில் நிரந்தரமாகவே நசுங்கி விடும். எதுவரை நசுங்கும்? நசுங்கிய பரப்பு, உலோகத்தின் கடினத்தன்மையைக் கொண்டு அந்தச் சுமையைத் தாங்கும் அளவுக்கு வரும் வரை. இந்த வழியிலும் சுமை 2 மடங்கானால் தொடுபரப்பு 2 மடங்கு.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஹீட் சிங்க் 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் பிராசஸரை அழுத்துகிறது என்று கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டரை நசுக்க சுமார் 100 கிலோ தேவைப்படும் உலோகம் என்றும் கொள்வோம். அப்படியானால் உண்மையான தொடுபரப்பு 0.2 சதுர மி.மீ. பிராசஸர் மூடியின் பரப்போ, 3 செ.மீ.க்கு 3 செ.மீ. என்றால், 900 சதுர மி.மீ. அதாவது 4500-ல் ஒரு பங்குதான் தொடுகிறது.

மீதி இடத்தில் இருக்கும் காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. செம்பின் கடத்தும் திறன் சுமார் 400 என்றால் காற்றினுடையது 0.026 மட்டுமே. அதாவது 15,000-ல் ஒரு பங்கு. மேடு பள்ளமும் வளைவும் சேர்ந்து சராசரியாக 25 மைக்ரான் இடைவெளி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இது சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமனில் கால் பங்குதான். பிராசஸர் 65 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் முழுவதும் இந்தக் காற்று வழியாகத்தான் போக வேண்டும் என்றால், பிராசஸர் மூடி ஹீட் சிங்கைவிட கிட்டத்தட்ட 69 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். தொடும் உச்சிகள் கொஞ்சம் வெப்பத்தைக் கடத்துவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். ஆனாலும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள அணைந்து போக இது போதும். என் கம்ப்யூட்டருக்கு நடந்தது இதுதான்.

அதே 25 மைக்ரானில் காற்றுக்குப் பதில் 4 என்ற கடத்தும் திறன் உள்ள தெர்மல் பேஸ்ட் இருந்தால்? வித்தியாசம் அரை டிகிரிக்கும் குறைவு. நான் அழுக்கு என்று துடைத்துப் போட்டது இந்த 69-க்கும் அரைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேஸ்ட் காற்றைவிட நல்லது, ஆனால் செம்பைவிட நூறு மடங்கு மோசம். அதையே அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு அப்பினால் வித்தியாசம் 9 டிகிரி ஆகிவிடும். பள்ளத்தை நிரப்ப மட்டுமே பேஸ்ட், மெத்தை போட அல்ல.

மென்மையான பேட் எதற்கு?

லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் கார்டிலும் சில சிப்களின் மேல் பேஸ்ட்டுக்குப் பதில் ரப்பர் போன்ற தெர்மல் பேட் இருக்கும். சிப்புக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று பெரிய இடைவெளி இருக்கும் இடங்கள் அவை. பேஸ்ட் அங்கே நிற்காது.

ரப்பர் வகைப் பொருட்கள் உலோகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மென்மையானவை. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே மேடு பள்ளங்களுக்குள் வளைந்து இறங்கி அதிக இடத்தில் தொடும். ஆனால் முழுவதும் தொடுகிறதா என்றால் அதுவும் இல்லை. பெரிய பள்ளத்துக்குள் சிறிய பள்ளம், அதற்குள் இன்னும் சிறியது என்று பரப்பு போய்க் கொண்டே இருக்கிறது. ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய போ பெர்ஸன், டயர் ரப்பர் சாலையைத் தொடுவதை ஆராய்ந்து 2001-ல் ஒரு புதிய கணக்கை வெளியிட்டார். முழுவதும் தொடுவது போலத் தெரியும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதிலும் ஒரு பகுதிதான் தொடும். இன்னும் பெரிதாக்கினால் அதிலும் ஒரு பகுதிதான். எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதையே அவர் கணக்கின் அடிப்படையாக்கினார். ஒரு மேடு நசுங்கும்போது பக்கத்து மேடுகளும் பாதிக்கப்படும் என்பதையும் அது சேர்த்துக் கொண்டது. நம் எக்செல் கணக்கில் ஒவ்வொரு மேடும் தனித்தனி. அதுதான் அதன் குறை.

எந்தக் கணக்கு சரி என்று பார்க்க, ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் மியூஸர் 2015-ல் ஒரு சவாலை அறிவித்தார். மேடு பள்ளமுள்ள உறுதியான பரப்பு ஒன்றை கம்ப்யூட்டரில் உருவாக்கி எல்லோருக்கும் கொடுத்தார். அதன் மேல் மீள்தன்மையுள்ள பொருளை அழுத்தினால் எங்கே தொடும், எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று அவரவர் முறையில் கணக்கிட வேண்டும். பல நாட்டுக் குழுக்கள் கலந்து கொண்டன. ஒரு குழு அந்தப் பரப்பைப் பெரிதாக்கிச் செய்து, உண்மையாகவே அழுத்திப் பார்த்தது. முடிவுகள் 2017-ல் வெளியாயின. ஹெர்ட்ஸ் பேப்பரில் போட்ட ஒற்றை மேட்டின் கணக்கு, இன்று கோடிக்கணக்கான புள்ளிகளுக்குக் கம்ப்யூட்டரில் நடக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை

* ஹீட் சிங்கை ஒருமுறை கழற்றினால் பழைய பேஸ்ட்டை முழுவதும் துடைத்து, புதிதாகப் போட்ட பிறகே மாட்ட வேண்டும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள்.

* டெஸ்க்டாப் பிராசஸருக்குச் சிறிய பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஹீட் சிங்க் அழுத்தும்போது அதுவே பரவிக் கொள்ளும்.

* புதிய கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால், அதன் மேல் இன்னொரு முறை போடாதீர்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்த பிறகே மாட்டுங்கள்.

* ஸ்குரூக்களைக் குறுக்கு மூலை வரிசையில், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்றாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் முறுக்கினால் எதிர் மூலை தூக்கிக் கொள்ளும். அழுத்தம் இல்லாத இடத்தில் தொடுதலும் இல்லை.

* பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். சுமையை 2 மடங்கு ஆக்கினாலும் 0.2 சதுர மி.மீ. 0.4 ஆகும், அவ்வளவுதான். மதர்போர்டு வளைந்து போகும் அபாயம்தான் மிச்சம்.

* தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில் வேறு வாங்குங்கள். தடிமன் குறைந்தால் தொடவே தொடாது. கூடினால் பக்கத்தில் உள்ள பிராசஸரின் மேல் ஹீட் சிங்க் சரியாக அமராது.

* டூத் பேஸ்ட் போன்றவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அதில் உள்ள தண்ணீர் காய்ந்ததும் வெடித்து, பள்ளங்களில் மறுபடியும் காற்று வந்துவிடும்.

* வேலை முடிந்ததும் பயாஸ் திரையில் பிராசஸரின் வெப்பநிலையைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாமலே அது 80, 90 டிகிரி என்று ஏறிக் கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, மாட்டியதைச் சரிபாருங்கள்.

* வாரண்டி உள்ள லேப்டாப்பை நீங்களாகத் திறக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள்.

என் கம்ப்யூட்டர் பிழைத்துக் கொண்டது. சிறிய டியூப் பேஸ்ட் ஒன்று வாங்கி வந்து போட்டதும் பழையபடி ஓடியது. அடுத்த முறை கேபினட்டைத் திறந்து அந்தச் சாம்பல் நிறப் பசையைப் பார்க்கும்போது, அது அழுக்கு அல்ல என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.